காலமான ஆண்டாளும் பதினோரு வாரிசுகளும்

ஆண்டாள் இறந்துபோன செய்தியை எங்களிடம் வந்து சொன்னவள் ஆண்டாள்தான்.

புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் தியாகதுருகத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கலீலுல்லாவின் பெயின்ட் கடைக்கு நேராக வந்தாள். ஆண்டாள் கடைச் சுவர்களில் பேர் எழுதுகிறவள். கலீலுல்லா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். நான் கோயில் சுவரில் சாமியும் குதிரையும் வரைகிறவன். இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"கந்தசாமி அண்ணே, நான் செத்துட்டேன்" என்றாள்.

"எப்போ?" என்று கேட்டேன். அப்படிக் கேட்பதுதானே முறை.

"போன ஐப்பசியிலயாம். எனக்கே நேத்துதான் தெரியும்."

கலீலுல்லா எழுந்து அவளுக்கு ஸ்டூலைப் போட்டான். இறந்தவர்களை நிற்கவைத்துப் பேசக் கூடாது.

விஷயம் இதுதான். கல்யாணச் சாப்பாடு ஒரு பெரிய ஓட்டலில். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஆண்டாள் வரைந்த படம் தொங்கியது. பந்தலுக்குள் புகுந்து மாப்பிள்ளையின் மாலையைத் தின்னும் ஆடு. சந்தோஷமாகக் கிட்டே போனவள், கீழே பித்தளைத் தகட்டில் எழுதியிருந்ததைப் படித்தாள்: 'கல்வராயன் மலையில் வாழ்ந்து சென்ற ஐப்பசியில் மறைந்த, பெயர் தெரியாத மூதாட்டியின் கைவண்ணம்.'

"மூணு தபா படிச்சேன். பாயசம் எறங்கல. செத்ததுகூடப் போவுதுண்ணே, மூதாட்டின்னு போட்டிருக்கான். எனக்கு அம்பத்திரெண்டுதான ஆவுது?"

தகடு அடித்தவன் யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. துருகம் ரோட்டில் தீனதயாளன் கடை. ஆதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். புதுச்சேரியில் பெரிய பெரிய பங்களாக்காரர்கள் சுவரில் மாட்டுவதற்குப் படம் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்லப்போக, கடைக்குக் கலைக்கூடம் என்று பெயர் மாற்றி, குர்தா மாட்டிக்கொண்டான். எங்கள் வட்டாரத்தில் பன்னிரண்டு பேரிடம் படம் வாங்கினான். ஒரே ஒரு நிபந்தனை. படத்தில் பேர் போடக் கூடாது.

"பேரு போட்டா நீங்க பெயின்டரு. போடலைன்னா நீங்க கலை" என்பான்.

நாங்கள் மூவரும் அவன் கடைக்குப் போனோம். வழியில் வீரமுத்துவும் சேர்ந்துகொண்டான். வீரமுத்து சுவர் விளம்பரக்காரன். சிமென்ட் கம்பெனிக்காக அவன் வரைந்த காளைகள் சேலம் வரைக்கும் நிற்கின்றன. மீசையும் அந்தக் காளைகளின் கொம்பு மாதிரியே இருக்கும்.

தீனதயாளன் துளிகூடப் பதறவில்லை. "உயிரோட இருக்கறவங்க படத்துக்கு இன்னா மதிப்பு ஆண்டாளு? நாளைக்கே நீ இன்னொன்னு வரைஞ்சிடுவ. செத்தவங்களால அது முடியாது பாரு. வாங்கறவங்களுக்கு அதுல ஒரு நிம்மதி."

"அதுக்கு என்னைச் சாவடிப்பியா?"

"உன்னை மட்டும்னு ஏன் நெனைக்கற? பன்னெண்டு பேரையும் சேத்து ஒரே கெழவியாத்தான் வெச்சிருக்கேன்."

வீரமுத்து மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அப்போ நானும் கெழவியா?"

"நீ வரைஞ்சதெல்லாம் அந்தக் கெழவி கைக்கு பலம் இருந்த காலம்" என்றான் தீனதயாளன்.

"இன்னாத்துக்கு இத்தினி பேச்சு?" என்றாள் ஆண்டாள். "என் படத்துல என் பேரு இருக்கணும். அவ்ளோதான்."

"பேரு போட்டா அந்தப் படம் என் கடைக்குள்ள வராது. அவ்ளோதான்" என்று அவனும் சொன்னான்.

இப்படித்தான் எங்கள் சங்கம் பிறந்தது. மறுநாள் பன்னிரண்டு சித்திரக்காரர்களும் கலீலுல்லா கடையில் கூடினோம். தலைவி ஆண்டாள் என்பதில் தகராறே இல்லை. இறந்தவரை எதிர்த்து யார் போட்டியிடுவார்கள்? தகராறு வந்தது சங்கத்தின் பெயர்ப்பலகையில். யார் எழுதுவது? கலீலுல்லா எழுதினால் எழுத்து குண்டாக இருக்கும் என்றான் வீரமுத்து. வீரமுத்து எழுதினால் அது சிமென்ட் விளம்பரம் மாதிரி இருக்கும் என்றார்கள். ஓரத்தில் ஒரு குதிரை இருக்கட்டும் என்று நான் சொன்னதைப் பதினோரு பேரும் ஏகமனதாக எதிர்த்தார்கள். சங்கத்தின் முதல் ஒற்றுமை அதுதான். நான்கு நாள் ஆகியும் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் அடித்து வாங்கி வந்தோம். 'கள்ளக்குறிச்சி வட்டார ஓவியர் சங்கம்: கையால் வரைவதே கலை' என்று அதில் அச்சாகியிருந்தது.

இதற்கிடையில் தீனதயாளனுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. புதுச்சேரியில் நான்கைந்து விடுதிகள் வைத்திருக்கும் சுபஸ்ரீ என்ற அம்மாள் புதிதாக இன்னொன்று கட்டி, பொங்கலுக்குள் இருபது படம் கேட்டிருந்தார். சங்கத்துக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. வரைய மாட்டோம் என்றால் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவான். எனவே வரைவது, ஆனால் கண் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

எங்கள் தொழிலில் படம் முழுவதையும் முடித்துவிட்டுக் கண்ணைத்தான் கடைசியில் வைப்போம். படம் கேட்டவர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மனசாரச் சம்மதம் சொல்லிக் கொடுத்த பிறகே கருவிழி. அதற்கு முன்னால் வைத்தால் விபரீதம். நானே அனுபவப்பட்டிருக்கிறேன். எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு அய்யனார் கோயிலில் தாம்பூலம் வருவதற்குள் அவசரப்பட்டுக் குதிரைக்குக் கண் திறந்துவிட்டேன். மறு வாரம் பக்கத்து நிலத்துக்காரர் வந்து, கால் ஏக்கர் மல்லாட்டைச் செடியைக் காணோம் என்று சண்டை பிடித்தார். நான் மறுபடியும் போய்க் குதிரையின் கழுத்தில் ஒரு கயிறு வரைந்து, முளையும் அடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகு புகார் இல்லை.

ஆகவே கண்ணில்லாத படங்கள் தயாராயின. ஆண்டாள் வரைந்தது ஒரு ஷேர் ஆட்டோ. உள்ளே ஒன்பது பெண்கள், ஓரத்து சீட்டில் காற்று வாங்கிக்கொண்டு ஓர் ஆடு. ஒருவருக்கும் கண் கிடையாது. ஓட்டுகிறவனுக்கும் கிடையாது. கலீலுல்லா மனித உருவமே வரைவதில்லை, கல்வராயன் மலை அருவிகள்தான் வரைவான். அருவிக்கு எங்கே போய்க் கண்ணை மறைப்பது? ஒரு நாள் முழுக்க யோசித்து, அருவியில் தண்ணீரை நிறுத்திவிட்டான். வெறும் பாறை.

இருபது படத்தையும் கொண்டுபோய்க் கடையில் இறக்கினோம். "தட்டு எடுத்துக்கினு வா, எங்க பேரு போட ஒத்துக்க, அப்பதான் கண்ணு" என்றாள் ஆண்டாள். தீனதயாளன் படங்களை ஒரு சுற்று பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டே ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தான். அவன் பயந்துவிட்டான் என்று நாங்கள் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

பத்து நாள் கழித்து அவன் கலீலுல்லா கடைக்கு மாலையோடு வந்தான். பன்னிரண்டு மாலை, ஆளுக்கு ஒன்றாகப் போட்டான்.

"இருவதும் போயிடுச்சி! மூணு மடங்கு வெலை! இன்னும் நாப்பது கேக்கறாங்க. யாரும் கண்ணு கிண்ணு வெச்சிக் கெடுத்துடாதீங்க."

"எப்படிப் போச்சு?" என்றேன்.

"தகட்டுல ஒரு வார்த்தை சேத்தேன். பார்வையற்ற மூதாட்டி."

ஆண்டாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "செத்தவளை ஏன்டா குருடாக்கின?"

"சுபஸ்ரீ மேடம் உன் ஆட்டோ படத்து முன்னால அர மணி நேரம் நின்னாங்க. கண்ணுல தண்ணி. இந்த நாகரிகம் எங்க போய்க்கினு இருக்குதுன்னு அந்தப் படம் கேக்குதாம்."

"தியாகதுருகத்துக்குப் போவுது. போர்டு போட்டிருக்கேன் பாரு" என்றான் கலீலுல்லா. படத்து ஆட்டோவில் அந்தப் போர்டை மட்டும் அவன்தான் எழுதியிருந்தான். அவனுடைய வறண்ட அருவியும் 'கோடையின் மௌனம்' என்ற பெயரில் விலைபோயிருந்தது.

வீரமுத்து மெதுவாக, "கண்ணு இல்லன்னா வேலையும் கம்மிதான்" என்று ஆரம்பித்தான். ஆண்டாள் திரும்பிப் பார்த்தாள். அவன் மீதியை விழுங்கிவிட்டான். ஆனாலும் நான்கு பேர் தலையைக் குனிந்துகொண்டதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். மூன்று மடங்கு என்பது லேசான சொல் அல்ல.

போகும்போது தீனதயாளன் இன்னொன்றும் சொன்னான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சுபஸ்ரீ அம்மாள் வெள்ளிமலைக்கு வருகிறார். மூதாட்டி வாழ்ந்த குடிசையைப் பார்த்துச் சமாதியில் பூப் போட வேண்டுமாம். ஆட்டோ படத்தையும் சமாதிக்கு முன்னால் வைத்துப் போட்டோ எடுப்பதற்காகக் கொண்டு வருகிறாராம்.

"சமாதிக்கு எங்க போவ?" என்று கேட்டேன்.

"கல்லு இருக்குது, மேட்டுல எடம் இருக்குது. சாவுந்திப்பூவுக்குச் சொல்லிட்டேன்."

அவன் போன பிறகு ஆண்டாள் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூவாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "பொணத்துக்குக்கூட பேரு கேட்டுத்தான் எரிக்கறாங்க" என்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை, பூவைத்தான் பிய்த்தாள்.

கலீலுல்லாதான் தொண்டையைச் செருமினான். "ஒரு சந்தேகம். மவுத்தாப் போனவங்க பொருளை விக்கணும்னா வாரிசுங்க அத்தினி பேரும் கையெழுத்து போடணும் இல்ல? எங்க சச்சா, அதான் சித்தப்பா, அவரு கடையை விக்கறதுக்குள்ள பதினாலு பேரைத் தேடினோம். ஒருத்தன் துபாய்ல இருந்தான்."

ஆண்டாள் பூவைப் பிய்ப்பதை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பன்னிரண்டு பேரும் மலை ஏறினோம். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு மேட்டில் சின்னக் கொட்டாய். சுண்ணாம்பு அடித்து, வாசலில் ஒரு பழைய பிரஷ்ஷைத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் கல் குவியல், மேலே ஒரு கூடை சாமந்தி. கொட்டாயின் சொந்தக்காரி பச்சையம்மாள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபஸ்ரீ அம்மாள் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். நல்ல பட்டுப் புடவை, கண்ணில் உண்மையான துக்கம். படத்தைச் சமாதியில் சாய்த்து வைத்துவிட்டுப் பச்சையம்மாளிடம் கேட்டார்: "அந்தம்மா இங்கேதான் படம் வரைவாங்களா?"

"இது என் ஆட்டுக் கொட்டாயி தாயி. இதுல ஆடுதான் இருந்துச்சு. அது படம் வரைஞ்சிச்சான்னு நான் பாக்கல."

தீனதயாளன், "மலை சனங்க, வெள்ளந்தியாப் பேசுவாங்க" என்று சிரித்துச் சமாளிப்பதற்குள் ஒப்பாரி எழுந்தது. ஆண்டாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, ஓடி வந்து தன் சமாதியில் விழுந்தாள்.

"பச்சையில பச்சை வெச்சிப்
பயிரசைய வெச்ச மவளே,
ஆடு வரைஞ்ச கையி
ஆட்டுக்கொட்டாயில அடங்கிப்போச்சே,
பெத்தவ வெச்ச பேரை
பிரேமுக்காரன் தின்னுட்டானே!"

அவளைப் பற்றி அவளைவிட நன்றாக யார் அழ முடியும்? எனக்கே மனசு கலங்கிவிட்டது. நல்ல பெண், இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

தீனதயாளன் முகத்தில் ஈயாடவில்லை. அவளை யாரென்று சொன்னால் சமாதி போச்சு. சொல்லாவிட்டால் அழுகை நிற்காது. அதற்குள் நாங்கள் பதினோரு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தோம்.

"இவங்கள்லாம் யாரு?" என்றார் அந்த அம்மாள்.

"புள்ளைங்க" என்றேன். "நான் மூத்தவன். எனக்கு எழுவத்தி நாலு."

"எங்கம்மாங்க" என்று கலீலுல்லா தொப்பியைச் சரிசெய்துகொண்டு விம்மினான்.

வீரமுத்து மீசையின் இரண்டு பக்கமும் கண்ணீர் வழிய நின்றான். அவன் ஒத்திகையிலேயே அப்படித்தான்.

"அம்மா போனது கூட எங்களுக்குத் தகடு பாத்துத்தான் தெரியும்" என்றேன். "போனது போவட்டும். இதுவரைக்கும் வித்த படம், இனிமே விக்கற படம், எல்லாத்துலயும் பதினோரு கையெழுத்து வோணும்ல? ரெண்டு பேரு திருப்பூர்ல இருந்து வரணும். லீவு கெடைக்கறது கஷ்டம்."

சுபஸ்ரீ அம்மாள் தீனதயாளன் பக்கம் திரும்பினார். "வாரிசே இல்லைன்னு சொன்னீங்களே? நான் வாங்கின இருபது படம் யாருடையது? நான் வக்கீலைக் கேட்கணும்."

வக்கீல் என்ற சொல்லைக் கேட்டதும் தீனதயாளனுக்கு வேர்த்தது. மலைக் காற்றிலேயே வேர்த்தது. "மேடம், இவங்க யாரும் வாரிசு இல்ல! நம்பாதீங்க! அந்தம்மா சாவவே இல்ல!"

சொன்ன பிறகு, தன் வாயைத் தானே பார்க்க முயன்றது போல் விழித்தான்.

"சாகலையா? அப்போ எங்கே இருக்காங்க?"

"இங்கதான் அழுதுக்கினு இருக்கேன்" என்று ஆண்டாள் எழுந்து மூக்கைச் சிந்தினாள். "பேரு ஆண்டாள். இந்த ஆட்டோ படம் நான் வரைஞ்சது, மத்த படம்லாம் இதோ இவனுங்களோடது. கெழவின்னு யாரும் கெடையாது."

"உங்களுக்கு... கண்ணு?"

"நல்லாத் தெரியுதும்மா. உங்க பொடவ பார்டர்கிட்ட சாம்பாரு கொட்டிக்கினு இருக்குது பாருங்க."

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். இருந்தது. கொஞ்ச நேரம் சாம்பார்க் கறையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வியாபாரம் தெரிந்தவர் இல்லையா, குரல் மாறியது. "இறந்துபோன, பார்வையில்லாத ஒரு பெரியம்மாவோட படம்னு நினைச்சு நான் கொடுத்த விலை அது. உயிரோட இருக்கிறவங்க வரைஞ்சதுக்கு என்னால பாதிதான் தர முடியும்."

எங்களில் நான்கு பேர் மறுபடியும் தலையைக் குனிந்தார்கள். வீரமுத்து என் துண்டைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, பேசாம கெழவி சாவட்டும்னு சொல்லு."

ஆண்டாள் எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. "பாதி குடுங்க. பேரு மட்டும் முழுசா இருக்கட்டும். எனக்கு மட்டும் இல்ல, பன்னெண்டு பேருக்கும்." பிறகு தீனதயாளனைப் பார்த்தாள். "தட்டு எங்க?"

மலைமேல் தட்டுக்கு எங்கே போவது? பச்சையம்மாள்தான் ஒரு முறத்தைக் கொடுத்தாள், இடுப்பிலிருந்து வெற்றிலையும் கொடுத்தாள். தீனதயாளன் குர்தாவோடு குனிந்து, முறத்தை இரண்டு கையாலும் நீட்டி, "பேரு போட்டுக்கங்க" என்றான்.

"மனசாரச் சொல்லு."

"மனசாரத்தாம்மா, கை வலிக்குது."

ஆண்டாள் பையிலிருந்து பிரஷ்ஷையும் கறுப்பு டப்பாவையும் எடுத்தாள். மொத்தம் இருபத்திரண்டு கண். முதலில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குத் திறந்தாள். "மலை எறங்கணும் இல்ல, பாவம்" என்றாள். அந்த நேரத்தில் கீழே வளைவில் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. பஸ்ஸாகவும் இருக்கலாம், நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பிறகு ஒன்பது பெண்கள். கடைசியாக ஆடு. அதன் கருவிழி விழுந்ததும் பச்சையம்மாள், சமாதியில் கிடந்த சாமந்தியை வாரி மடியில் கட்டிக்கொண்டாள். ஆடு வளர்க்கிறவளுக்குத் தெரியாதா?

பிறகு பேர். முப்பது வருடம் கடைச் சுவர்களில் மற்றவர்கள் பேரை எழுதிய கை. மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. ஆட்டோவுக்கு மேலே இருந்த ஆகாயத்தை அளந்து பார்த்தாள். கலீலுல்லா கிட்டே போய், "'ஆ'வுக்கு எடம் ஜாஸ்தி வுடு" என்றான். அவள் எழுதி முடித்தபோது ஆகாயத்தில் இப்படி இருந்தது:

'ஆண்டாள், தியாகதுருகம். சகலவிதமான ஆடு, மாடு, மனிதர்கள் சிறந்த முறையில் வரைந்து தரப்படும்.' கீழே செல் நம்பர், பத்து எண்ணும், நிழல் வைத்து.

"ஆகாசம் பூரா ரொப்பிட்டியேம்மா!" என்று தீனதயாளன் தலையில் கை வைத்தான்.

"அது சும்மாத்தான கெடந்துது?"

சுபஸ்ரீ அம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். ஆகாயத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். ஆண்டாளின் இடுப்பில் மணி அடித்தது. அவள் சுருக்குப்பையை அவிழ்த்து போனை எடுத்து, காதில் வைத்தாள். இருவருக்கும் நடுவே நான்கடி இடைவெளி. அந்த நான்கடியில்தான் தீனதயாளன் நின்றுகொண்டிருந்தான்.

"அலோ, யாரு பேசறது?"

"ஆண்டாளம்மாவா? நான் புதுச்சேரியிலேர்ந்து சுபஸ்ரீ."

"சொல்லுங்கம்மா, இன்னா வோணும்?"

"கண்ணு வெச்சு ஒரு படம் வேணும். நேரா உங்ககிட்டயே கேட்கலாம்னு..."

"ஆர்டரு ஜாஸ்தியா இருக்குதும்மா. பொங்கலு கழிச்சிப் பாக்கலாமா?"

தீனதயாளன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். முறம் இன்னும் அவன் கையில் இருந்தது. வீரமுத்துவைக் காணவில்லையே என்று தேடினேன். அவன் ஆண்டாளின் கறுப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு, அந்த அம்மாளின் காரைச் சுற்றிச் சுற்றி வந்து எழுத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல வெள்ளைக் கார், நாலு பக்கமும் காலியாக இருந்தது.